மெய்நிகர் இசைக்கருவிகளும் கணினியின் சுமையும்

பழந்தமிழர் இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி எனப் பகுத்துக் கண்டனர். மனிதக் குரலையும் விட்டுவிடாது மிடற்றுக்கருவி என்று உடன்சேர்த்து எண்ணினர். இந்த ஐந்தனுள் எதனுள்ளும் அடங்காத ஒரு கருவி இன்று நம் வீடுகளுக்குள் புகுந்துள்ளது. அதற்குத் தோலில்லை, துளையில்லை, நரம்புமில்லை. எண்களே அதன் உடல். கணினிக்குள் இருந்துகொண்டு நாகசுரமாகவும் வீணையாகவும் மிருதங்கமாகவும் ஒலிக்கும் அதனை மெய்நிகர் இசைக்கருவி என்கிறோம்.

ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் கோலகங்சாரிலும் வாழும் நம் இளைஞர் பலர் இக்கருவிகளைக் கொண்டு வீட்டின் ஓர் அறையிலேயே பாடல் அமைக்கின்றனர். தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவின் நடனத்துக்கும், தைப்பூசக் காவடிப் பாட்டுக்கும் இசை அமைவது இன்று இவ்வாறே. தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். கருவிகள் ஒவ்வொன்றாகக் கூடக் கூட, ஒலியிடையே 'பட் பட்' என்று வெடிப்புக் கேட்கும். பிறகு ஒலி அறுந்து அறுந்து வரும். திரையில் சுமையைக் காட்டும் கோடு சிவப்பைத் தொடும். இறுதியில் பாட்டே நின்றுவிடும்.

அப்போது நிகழ்வன இரண்டு. "கணினி பழசாகிவிட்டது, புதியது வேண்டும்" என்று பிள்ளை கேட்க, பெற்றோர் சேமிப்பை எண்ணிப் பார்க்கின்றனர். அல்லது சுமை மிகுந்த நாகசுரத்தையும் வீணையையும் நீக்கிவிட்டு, எங்கோ ஆயத்தமாகச் செய்து வைத்த ஓசைத் துணுக்கை அவ்விடத்தில் ஒட்டிப் பாட்டை முடிக்கின்றனர். முன்னது பொருளிழப்பு, பின்னது இசையிழப்பு. இவ்விரண்டும் பெரும்பாலும் வேண்டாதன. சுமை எங்கிருந்து வருகிறது என்று முறையாக ஆராய்ந்தால், இருக்கும் கணினியைக் கொண்டே வேலையை முடிக்கலாம். அம்முறையை மாணவருக்குச் சொல்லித் தரும் அளவிற்கு ஆசிரியரும் அறிந்திருத்தல் நன்று. அதனை ஈண்டு ஒவ்வொன்றாகக் காண்போம்.

எண்ணால் ஆன கருவி

இசையையும் கணக்கையும் இணைத்துப் பார்ப்பது தமிழுக்குப் புதிதன்று. மட்டக்களப்பு மண்ணில் தோன்றிய விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்துபோன யாழின் இயல்பைச் சிலப்பதிகாரம் முதலிய நூல்களின் குறிப்புகளிலிருந்து கணக்கிட்டு ஆராய்ந்து, 1947ஆம் ஆண்டில் 'யாழ் நூல்' என்னும் பெருநூலை வெளியிட்டார். கண்முன் இல்லாத கருவியை எண்ணின் துணைகொண்டு மீட்கலாம் என்பதற்கு அந்நூலே சான்று.

கணினிக் கருவியின் வரலாறு இதற்குப் பின்னர்த் தொடங்குகிறது. 1983ஆம் ஆண்டில் 'மிடி' என்னும் பொதுமொழி வகுக்கப்பட்டது. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு விசையுடன் அழுத்தினர் என்பதை மட்டும் ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குச் சொல்லும் மொழி அது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996ஆம் ஆண்டில் 'வி.எஸ்.டி.' என்னும் முறையைக் கொணர்ந்தது. 1999ஆம் ஆண்டில் அதன் இரண்டாம் பதிப்பு வந்தபோது, இசைக்கருவிகளே மென்பொருளாகிக் கணினிக்குள் குடியேறின. 2002ஆம் ஆண்டில் வந்த 'கான்டாக்ட்' போன்ற மென்பொருள்கள், மெய்யான கருவிகளின் ஒலிப்பதிவுகளை ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்து, வேண்டும்போது எடுத்து ஒலிக்கும் வழக்கத்தைப் பரப்பின.

இக்கருவிகள் இருவகைப்படும். முன்னரே பதிவு செய்த ஒலிகளை எடுத்து ஒலிப்பது ஒருவகை. இதனைச் சாம்பிள் கருவி என்பர். எந்தப் பதிவும் இன்றி, நரம்பு அதிர்வதையும் குழலில் காற்று ஓடுவதையும் கணக்கிட்டே ஒலியை ஆக்குவது மற்றொரு வகை. முன்னது நினைவகத்தையும் வட்டையும் மிகுதியாக உண்ணும். பின்னது நுண்செயலியின் உழைப்பை மிகுதியாக உண்ணும். இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் ஆய்வு எளிதாகும்.

மாத்திரையினும் சிறிய காலம்

எழுத்தொலியின் அளவை உரைக்க வந்த தொல்காப்பியர், கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் மாத்திரைக்கு அளவாகக் கொண்டார். மனிதன் தன் உடலைக்கொண்டே அளக்கக்கூடிய மிகச் சிறிய காலம் அது. கணினி அதனினும் சிறிய காலத்தில் வேலை செய்கிறது.

குறுந்தட்டுக்கென வகுத்த முறைப்படி, ஒரு விநாடி இசைக்கு 44,100 எண்கள் வேண்டும். இவற்றைக் கணினி ஒவ்வொன்றாக அனுப்புவதில்லை. சிறு சிறு கட்டுகளாக்கி அனுப்புகிறது. ஒரு கட்டினைத் தாங்கும் இடத்தைப் 'பஃபர்' என்பர். ஒரு பஃபரில் 256 எண்கள் என்று வைத்துக்கொண்டால், அது 5.8 மில்லிவிநாடி இசையாகும். அஃதாவது, ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 172 முறை, குறித்த நேரத்துக்குள் அடுத்த கட்டினை ஆக்கி முடித்து நுண்செயலி ஒப்படைக்க வேண்டும். ஒரு கண்ணிமைப்பு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு எனக் கொண்டால், அதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட கட்டுகள் சென்று சேர்ந்திருக்கும்.

ஒரே ஒரு கட்டு காலந்தாழ்ந்தாலும் அவ்விடத்தில் ஒலி அறுந்துபோகும். அதுவே நாம் கேட்கும் வெடிப்பு. ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்றோ, கருவியின் ஒலிப்பதிவு தரமற்றது என்றோ எண்ணி மயங்குதல் கூடாது. கணக்குத் தவறவில்லை, காலம் தவறியது. இதுவே இச்சிக்கலின் உயிர்நிலை.

பால்மரக் காட்டின் பாடம்

பேராக் மாநிலத்து மக்களுக்கு இதனை விளக்க அயல்நாட்டு உவமை வேண்டுவதில்லை. 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்ட காலந்தொட்டு, நம் முன்னோர் பலரின் வாழ்வு பால்மரத்தோடு பிணைந்திருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, தமக்குரிய நிரையில் மரம் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, நிறுவைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பர். காலந்தாழ்ந்தால் பால் உறைந்துவிடும். உறைந்த பால் எவ்வளவு மிகுதியாக இருப்பினும், பாலின் விலை அதற்குக் கிடையாது.

நுண்செயலியும் அத்தகைய பால்வெட்டுத் தொழிலாளியே. பாட்டிலுள்ள ஒவ்வொரு கருவியும் ஒரு மரம். ஒவ்வொரு மரத்திலிருந்தும் ஒலியைச் சேர்த்து, நிறுவை மணி அடிக்குமுன் வாளியை ஒப்படைக்க வேண்டும். பஃபரே அவ்வாளி. சிறிய வாளியாயின் அடிக்கடி நிறுவைக் கொட்டகைக்கு நடக்க வேண்டும். நடையிலேயே பொழுது போகும். பெரிய வாளியாயின் நடை குறையும். ஆனால் மரத்தில் வடிந்த பால் கொட்டகையைச் சேரக் காலம் மிகுதியாகும். இசையில் இதுவே கட்டையை அழுத்துவதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையிலான தாமதம்.

இன்றைய நுண்செயலியில் நான்கு, எட்டு என உட்பிரிவுகள் பல உள்ளன. அவற்றைப் பல தொழிலாளர்களாகக் கொள்க. ஆனால் ஒரு கருவியும் அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றிய ஒலிமாற்றிகளும் ஒரே நிரை. முந்தியது முடியாமல் பிந்தியது தொடங்காது. ஆதலால் அந்நிரையைப் பொதுவாகப் பலருக்குப் பங்கிட இயலாது. ஏழு தொழிலாளர்கள் வேலை முடித்து நிழலில் அமர்ந்திருந்தாலும், எட்டாமவர் கடினமான நிரையில் சிக்கிக்கொண்டால் லாரி புறப்படாது. கணினி மொத்தத்தில் முப்பது விழுக்காடே உழைப்பதாகக் காட்டும்போதும் ஒலி வெடிப்பதன் காரணம் இதுதான்.

சுமை எதனுடையது?

மருத்துவர் நோயை அறியுமுன் மருந்து தருவதில்லை. இங்கும் முதலில் அறிய வேண்டுவது, சுமை எதனுடையது என்பது. சுமைகள் மூன்று: நுண்செயலியின் சுமை, நினைவகத்தின் சுமை, வட்டின் சுமை.

இசை மென்பொருள்கள் பலவற்றில் இவற்றைக் காட்டும் அளவிகள் உள்ளன. கணினி முழுமைக்குமான அளவியைவிட, இசை மென்பொருளின் அளவியையே நம்ப வேண்டும். முன்னது சராசரியைச் சொல்லும். பின்னது காலத்துக்குள் வேலை முடிகிறதா என்பதைச் சொல்லும். வட்டின் அளவி உயர்ந்து, நுண்செயலியின் அளவி தாழ்ந்திருப்பின், ஒலிப்பதிவுகள் வட்டிலிருந்து வந்து சேரத் தாமதமாகின்றன என்பது பொருள். சுழலும் பழைய வட்டிலோ, மெதுவான வெளிவட்டிலோ வைத்திருக்கும் சாம்பிள் கருவிகளைத் திண்ம வட்டுக்கு மாற்றினால் இது பெரும்பாலும் தீரும். நினைவகம் நிறைந்துவிட்டால், கணினி மிகுதியை வட்டில் எழுதி எழுதி எடுக்கும். அப்போது எல்லாமே தளரும். பாட்டில் பயன்படாத சுரங்களின் பதிவுகளை நினைவகத்திலிருந்து நீக்கும் வசதி பல சாம்பிள் கருவிகளில் உண்டு. புதிய கணினி வாங்குவதைவிட இவை எளியன.

மற்றொரு சோதனையும் செய்க. பாட்டை நிறுத்திவிட்டு அளவியைப் பாருங்கள். ஒன்றும் ஒலிக்காதபோதும் சுமை குறையவில்லையாயின், ஏதோ ஒரு கருவியோ ஒலிமாற்றியோ ஓய்வின்றிக் கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. சிற்சில பழைய மென்பொருள்களில் ஒலி அடங்க அடங்கச் சுமை ஏறும் விந்தையையும் காணலாம். ஒலி தேய்ந்து சுழியை நெருங்கும்போது எண்கள் மிக மிக நுண்ணியன ஆகின்றன. அத்தகைய எண்களைக் கையாளச் சில நுண்செயலிகள் வழக்கத்தினும் பன்மடங்கு காலம் எடுத்துக்கொள்ளும். அம்மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவுவதே இதற்கு மருந்து.

பாதிபாதியாகப் பிரித்துக் காணல்

நுண்செயலியே சுமையுற்றது எனத் தெரிந்தபின், எந்தக் கருவியால் என்று காண வேண்டும். முதலில் பாட்டின் கோப்பினைப் படியெடுத்துக்கொண்டு, படியில் மட்டும் சோதனை செய்க. மூலத்தில் கை வைத்துப் பல நாள் உழைப்பை இழந்தோர் உளர்.

பாட்டில் பதினாறு கருவிகள் உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் பதினாறு சோதனைகள் வேண்டியிருக்கலாம். அதற்கு மாறாக, எட்டினை நிறுத்திவிட்டு மற்ற எட்டினை ஒலிக்கச் செய்க. வெடிப்பு நின்றதாயின் குற்றம் நிறுத்திய எட்டினுள் உள்ளது. நிற்கவில்லையாயின் ஒலிக்கும் எட்டினுள் உள்ளது. அந்த எட்டினை நான்காகவும், நான்கினை இரண்டாகவும், இரண்டினை ஒன்றாகவும் பிரித்தால், நான்கே சோதனைகளில் குற்றவாளி ஒருவனாயின் அகப்படுவான்.

இங்கு ஓர் எச்சரிக்கை. 'மியூட்' என்னும் ஒலியடைப்பை அழுத்துவது வேறு. கருவியையே அணைப்பது வேறு. வாயை மூடியவன் நடையை நிறுத்திவிடுவதில்லை. பல மென்பொருள்களில் ஒலியடைத்த கருவியும் உள்ளே உழைத்துக்கொண்டே இருக்கும். ஆகையால் கருவியின் மின்பொத்தானை அணைத்தே சோதிக்க வேண்டும்.

நான்காம் சோதனைக்குப் பின்னும் குற்றவாளி அகப்படவில்லையாயின், சுமை ஒரு கருவியினால் அன்று, கூட்டத்தினால் என்று அறிக. எந்தப் பாதியை அணைத்தாலும் வெடிப்பு நிற்கிறது என்பது அதன் அடையாளம். அதற்கும் தீர்வு உண்டு, பின்னர்க் காண்போம்.

கருவியின் இயல்பறிந்து சுமை குறைத்தல்

நான்காம் சோதனையில் அகப்பட்டது வீணை என்று கொள்வோம். அதில் ஒரு சுரத்தை மீட்டினால் ஆறு விநாடி ஒலிக்கிறது. பாட்டில் விநாடிக்கு நான்கு சுரங்கள் வருகின்றன. எனவே எந்த நேரத்திலும் 24 சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலித்துக்கொண்டிருக்கும். அக்கருவியை மூன்று ஒலிவாங்கிகளால் பதிவு செய்திருக்கிறார்கள், மூன்றும் திறந்துள்ளன. ஆக, 72 ஒலிகளை நுண்செயலி ஒரே நேரத்தில் சுமக்கிறது.

இப்போது வீணை ஆசிரியர் ஒருவரைக் கேளுங்கள். "ஒரு வீணையில் ஒரே நேரத்தில் எத்தனை சுரங்கள் ஒலிக்கும்?" என்று. வீணைக்கு வாசிக்கும் தந்திகள் நான்கு; தாளத் தந்திகள் மூன்று. ஒரு தந்தியில் ஒரு நேரத்தில் ஒரு சுரமே ஒலிக்கும். ஏழுக்கு மேல் ஒலிக்க வழியே இல்லை! ஆகவே ஒலிகளின் வரம்பை ஏழாக்கி, ஒலிவாங்கி ஒன்றினை மட்டும் திறந்து வைத்தால், 72 என்பது 7 ஆகிறது. சுமை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகும். இஃது இசையைக் குறைத்தது அன்று. வீணையை வீணையாகவே ஒலிக்கச் செய்தது. முன்னர் ஒலித்தது இருபத்துநான்கு தந்தி வீணை. அது எந்த நாட்டிலும் இல்லை.

இவ்வாறே நாகசுரத்தையும் நோக்குக. ஒரு மூச்சு, ஒரு சீவாளி, ஒரு சுரம். அதன் வரம்பு ஒன்றேயாக இருத்தல் போதும். அதனுடன் இசைக்கும் ஒத்து என்னும் சுருதியோ பாட்டு முழுதும் மாறாத ஒரே ஒலி. அதற்கெனத் தனியே ஒரு கருவியை இடையறாது உழைக்கச் செய்வது வீண். ஒருமுறை ஒலிப்பதிவாக்கிவிட்டால் போதும்.

தமிழ் இசையில் கமகம் உயிர். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் அசைவை ஆக்கச் சில கருவிகள் உள்ளே நுண்ணிய கட்டளைகளை வைத்துள்ளன. அவை சுமையைச் சிறிது கூட்டும். சுமைக்கு அஞ்சிக் கமகத்தை நீக்குதல், செய்யுளில் தளை தட்டுகிறது என்று பொருளையே வெட்டிவிடுவது போலாம். நீக்க வேண்டியவை வேறு உள்ளன: தேவைக்கு மிஞ்சிய ஒலிகள், தேவைக்கு மிஞ்சிய ஒலிவாங்கிகள், தேவைக்கு மிஞ்சிய எதிரொலிகள்.

எதிரொலியைப் பற்றி ஒரு சொல். மண்டபத்தில் ஒலிப்பது போன்ற முழக்கத்தை ஆக்கும் மாற்றியைப் பதினாறு கருவிகளுக்கும் தனித்தனியே வைப்போர் உளர். பதினாறு கலைஞர்க்குப் பதினாறு மண்டபங்களா? ஒரே ஒரு மாற்றியைப் பொதுவழியில் வைத்து, ஒவ்வொரு கருவியிலிருந்தும் வேண்டிய அளவு அதனுள் செலுத்தினால் போதும். சுமையும் குறையும், எல்லாரும் ஓரிடத்தில் அமர்ந்து வாசிப்பது போன்ற ஒருமையும் கிட்டும்.

பாலும் ஷீட்டும்

கருவிகளின் கூட்டமே சுமையாயின் என் செய்வது? இதற்கும் தோட்டமே வழி காட்டுகிறது. பாலுக்குத்தான் அவசரம். அதனை உறையவைத்து, உருளையில் அழுத்தி, புகையிட்டு ஷீட்டாக்கிவிட்டால், அது நாட்கணக்கில் காத்திருக்கும்.

கருவியையும் அவ்வாறு ஷீட்டாக்கலாம். இசை மென்பொருள்களில் 'ஃப்ரீஸ்' என்னும் வசதி உண்டு. அது கருவியின் இசையை ஒருமுறை முழுவதும் கணக்கிட்டு ஒலிப்பதிவாக எழுதி வைத்துவிட்டு, கருவியை உறங்கச் செய்கிறது. பின்னர்ப் பாட்டு ஓடும்போது அப்பதிவு மட்டுமே ஒலிக்கும். நுண்செயலிக்கு அது மிகச் சிறிய வேலை. ரப்பர் ஷீட்டைத் திரும்பப் பாலாக்க முடியாது. ஆனால் உறையவைத்த கருவியை வேண்டும்போது மீண்டும் எழுப்பலாம். சுரம் ஒன்றைத் திருத்த வேண்டுமாயின் எழுப்பித் திருத்தி மறுபடி உறங்கச் செய்யலாம். அமைத்து முடிந்த கருவிகளை உடனுக்குடன் உறையவைக்கும் பழக்கம் ஒன்றே பாதித் தொல்லையைத் தீர்க்கும்.

பஃபரின் அளவையும் காலமறிந்து மாற்ற வேண்டும். கட்டையில் வாசித்துப் பதியும்போது 128 அல்லது 256 என்று சிறிதாக வைக்க. தாமதம் பத்து மில்லிவிநாடிக்கு மேற்போனால், கைதேர்ந்த தாளக் கலைஞர் பலர் அதனை உணர்வர். வாசிப்பு முடிந்து ஒலிகளைக் கலந்து சீராக்கும்போது தாமதத்தால் கேடில்லை. 1,024 என்று பெரிதாக்கலாம். அப்போது ஒரு கட்டுக்கு 23 மில்லிவிநாடி கிடைக்கும்.

பதிவுக்கு ஆயத்தமாகத் திறந்து வைத்துள்ள கருவி, மற்றவற்றைக் காட்டிலும் அவசரத்துடன் கணக்கிடப்படும். மற்றவற்றை முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கும் திறன் இன்றைய மென்பொருள்கள் சிலவற்றுக்கு உண்டு; எப்போது எதை வாசிப்போம் என்பதை முன்னரே அறிய இயலாதாகையால், திறந்து வைத்த கருவிக்கு அவ்வாறு செய்ய முடியாது. எனவே வாசிக்காத கருவியின் பதிவுப் பொத்தானை அணைத்து வைக்க.

ஒரு விநாடிக்கு 96,000 எண்கள் என்று அமைத்துக்கொண்டு அல்லற்படுவோரும் உளர். 48,000 என்பதன் இருமடங்கு வேலை அது. பள்ளி மண்டபத்தின் ஒலிபெருக்கியில் கேட்கப்போகும் பாட்டுக்கு 44,100 அல்லது 48,000 தாராளம்.

வெயிலும் மின்சாரமும்

வெப்ப நாட்டினராகிய நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். நுண்செயலிக்கும் வியர்க்கும். ஈப்போ நண்பகலில் வெப்பம் 33 பாகை செல்சியஸைத் தொடும் நாட்கள் பல. காற்றோட்டமில்லாத அறையில், மெத்தையின்மேல் வைத்த மடிக்கணினி விரைவில் கொதிக்கும். கொதித்த நுண்செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் ஒழுங்காக ஒலித்த பாட்டு பிற்பகலில் வெடித்தால், ஐயுற வேண்டுவது வெப்பத்தையே. மரப்பலகையின்மேல் சற்று உயர்த்தி வைத்து, விசிறித் துளைகளின் தூசியை அகற்றினாலே பெரும் வேறுபாடு தெரியும். பால் வடிவதற்கும் குளிர்ந்த விடியலே ஏற்றது என்பதை நம் பெரியோர் அறிவர் அன்றோ?

மின்கலத்தில் ஓடும்போது மடிக்கணினி மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டு வேகத்தைக் குறைக்கும். ஆதலால் மின்னிணைப்பில் வைத்து, மின்திட்டத்தை உயர்திறன் நிலைக்கு மாற்றியபின் வேலை செய்க. கிருமித்தடுப்பு மென்பொருள் சாம்பிள் கோப்புகளை ஒவ்வொரு முறையும் துருவிப் பார்க்காதவாறு, நம்பிக்கையான அந்தக் கோப்புறைக்கு மட்டும் விலக்களிக்கலாம். கம்பியில்லா இணையத்தை அணைத்துப் பார்ப்பதும் ஒரு சோதனை. அதன் இயக்கி மென்பொருள் இடையிடையே நுண்செயலியைப் பிடித்து நிறுத்துவது உண்டு. ஒலிக்கருவிக்கு அதன் உற்பத்தியாளரே தரும் இயக்கியைப் பயன்படுத்துதல் சிறப்பு.

இவை அனைத்திலும் பின்பற்ற வேண்டிய விதி ஒன்றே: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக, மாற்றியதைக் குறித்து வைக்க. நான்கினை ஒருசேர மாற்றினால் நோய் தீரலாம். எது தீர்த்தது என்பது தெரியாது. அடுத்த பாட்டில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இவ்வனைத்தையும் செய்த பின்னும் வெடிப்பு நிற்கவில்லையாயின், அப்போது புதிய கணினியைப் பற்றி எண்ணலாம். அப்போதும், உட்பிரிவுகள் எத்தனை என்பதோடு நில்லாமல், ஒவ்வோர் உட்பிரிவின் வேகத்தையும் பார்த்து வாங்குக.

உறுமியின் கேள்வி

இறுதியாக ஒன்று. காவடியின் முன் முழங்கும் உறுமி, மலேசியத் தமிழர் வாழ்வோடு ஒன்றிவிட்ட தோற்கருவி. அதன் ஒருபக்கத்துத் தோலை வளைந்த கோலால் தேய்க்கும்போது எழும் உறுமல், ஒரு சுரமுமன்று, ஒரு தட்டுமன்று. தேய்க்கும் விசையும் வேகமும் மாற மாற, ஒலி ஏறியும் இறங்கியும் ஓடும். தனித்தனித் தட்டுகளாகப் பதிவு செய்து அடுக்கிய மெய்நிகர் கருவியில் இந்த ஓட்டம் எளிதில் அகப்படுவதில்லை. அதனைப் பிடிக்க அடுக்கின்மேல் அடுக்காகப் பதிவுகளை ஏற்றினால், சுமை மட்டும் ஏறும், உறுமல் வராது.

ஆனால் உறுமிக் கலைஞர் ஒருவரை அழைத்து, ஓர் ஒலிவாங்கியின் முன் அமரவைத்து, பாட்டுக்கு வாசிக்கச் செய்து பதிவு செய்தால் நிகழ்வது என்ன? அப்பதிவை ஒலிக்க நுண்செயலிக்கு ஏறத்தாழ உழைப்பே இல்லை. கமகமும் உண்டு, உறுமலும் உண்டு, கைப்பழக்கமும் உண்டு. சுமை மிகக் குறைந்த உறுமி மனிதனின் கையில் இருக்கும் உறுமியே!

ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் கொடுத்துவிட்டன. லயங்களில் வாழ்ந்தோர் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தனர். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் வாசித்த கைகள் இன்று புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ ஓர் அடுக்குமாடியில் ஓய்ந்திருக்கக்கூடும். அவர்களிடம் சென்று பதிவு செய்யும் மாணவன் பாட்டின் சுமையை மட்டுமன்றி, ஒரு கலையின் மறதியையும் குறைக்கிறான். வாசித்தவரின் இசைவைப் பெற்று, அவர் பெயரைப் பாட்டில் குறிப்பிட்டு, உரிய ஊதியமும் தருதல் அவன் கடமை.

மெய்நிகர் கருவி வேண்டாம் என்பது நம் கருத்தன்று. வீணை வாங்க வசதியில்லாத பிள்ளைக்கு அது பெருங்கொடை. எதனைக் கணினியில் ஆக்குவது, எதனை மனிதனிடம் கேட்டுப் பெறுவது என்று பகுத்தறியும் அறிவே வேண்டுவது. ஆசிரியப் பெருமக்கள் ஆண்டு விழாப் பாட்டை அமைக்கும் மாணவனிடம், "கணினி என்ன விலை?" என்று கேட்குமுன், "அந்த வீணையில் எத்தனை தந்தி ஒலிக்கிறது, தம்பி?" என்று கேட்டுப் பார்க்கட்டும். பெரும்பாலும் விடை அங்கேயே கிடைத்துவிடும்.